கதவு ஸ்பீக்கர் மாற்றப் போறீங்களா? பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸைப் பார்க்க முன் இதை வாசியுங்கள்

 

எங்கள் காரின் முன்கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றி ஒரு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு காரில் ஏறிய ஆசிரிய நண்பர்கள், ஜும்ஆவுக்குக் கூட வந்தவர்கள், கராஜில் கண்டவர்கள் என்று எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை வாட்ஸ்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட, நாங்கள் தேடி அறிந்ததை இங்கே எழுதிவிட்டால் நாலு பேருக்குப் பயன்படும். பதிவு நீளம். பொறுமையாக வாசியுங்கள். வேலை செய்யப் போகும் பாஸிடம் காட்டினாலும் நல்லது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தும், வரியெல்லாம் சேர்த்து வரும் விலையை நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர் ஏறெடுத்தும் பார்க்க முடியாது. ஆகவே கையில் இருக்கும் பழைய ஆல்டோவையும் விட்ஸையும் கரோலாவையும் எவ்ரி வேனையும்தான் நாம் பார்த்துப் பார்த்துப் பாவிக்கிறோம். பதினைந்து, இருபது வருடமான காரில் எஞ்சினையும் பிரேக்கையும் கவனிப்போம். கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கரை யாரும் நினைப்பதில்லை. கம்பனியில் இருந்து வந்தது பெரும்பாலும் கடதாசிக் கூம்பு. நமுனுகுலயின் பனியும் தூறலும் அதற்குள் ஏறி ஏறி, கூம்பு ஊறி, ஓரம் வெடித்து, ஒரு நாள் கரகரவென்று இரையத் தொடங்கும். அப்போதுதான் கடைக்குப் போவோம்.

எங்களைக் கடைக்கு அனுப்பியது கரகரப்பு அல்ல. உம்மா.

உம்மாவை மாதம் ஒரு முறை பதுளைக்குக் கிளினிக் கூட்டிப் போகிறோம். பசறை இறங்கி, பதுளை போய், திரும்பி வர அரை நாள் போய்விடும். வானொலியோடு வளர்ந்த தலைமுறை அவர். பி.எச். அப்துல் ஹமீத் பேசினால் அடுப்படியில் இருந்து வெளியே வந்து கேட்பார். முஸ்லிம் சேவை தொடங்க முன் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பார். காரில் முன் இருக்கையில் ஏறியதும் "மகன், கொஞ்சம் போடுங்க" என்பார். பிறகு வழி நெடுக, "என்ன சொல்றார்? ஹதீஸா, நியூஸா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். நாங்கள் சத்தத்தைக் கூட்டுவோம். "சத்தம் காணும் மகன், பேச்சுத்தான் விளங்கல்ல" என்பார். சில மாதங்களில் கேட்பதையே நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கொழுந்து மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா வருவார். அதுதான் வீட்டில் எல்லோரையும் உறுத்தியது.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. சத்தம் வேறு, விளக்கம் வேறு.

வயது போகப் போகக் காது முதலில் இழப்பது கூர்மையான சத்தங்களை. பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த பகுதியில் நிற்கும். ஸ, ஷ, ஃப போன்ற மெய்கள் மேல் பகுதியில் நிற்கும். ஆணின் குரலின் அடித்தளம் நூறு ஹேர்ட்ஸ் பக்கம் இருந்தால், "ஸ்" என்ற சீறலின் பலம் நாலாயிரம் ஹேர்ட்ஸுக்கும் மேலே இருக்கும். சத்தத்துக்குக் கனம் தருவது கீழ்ப்பகுதி. இது எந்தச் சொல் என்று பிரித்துக் காட்டுவது மேல்பகுதி. ஓதத் தெரிந்தவர்களுக்கு இதை இன்னும் இலகுவாகச் சொல்லலாம். அரபியில் ஸீன், ஸாத், ஸே மூன்றும் வேறு வேறு. ஷெய்க் ஹுஸரி ஓதும்போது அந்த மூன்றும் மூன்றாகவே கேட்கும். உளுத்துப் போன ஸ்பீக்கரில் மூன்றும் ஒன்றாகிவிடும். மக்தபுக்குப் போகும் பிள்ளை காரில் கிராஅத் கேட்டு மக்ரஜ் பழகுகிறது என்றால், இதுவும் சின்ன விஷயம் அல்ல.

இதோடு காரின் இரைச்சலையும் சேருங்கள். இரண்டாம் கியரில் மலை ஏறும்போது எஞ்சினும் டயரும் தருவது பெரும்பாலும் தாழ்ந்த இரைச்சல். தாழ்ந்த இரைச்சல் பலமாக இருந்தால் அதற்கு மேலே உள்ள மெல்லிய சத்தங்களையும் மூடிவிடும். இந்த நேரத்தில் பேஸையும் கூட்டினால் மெய்யெழுத்துகள் இன்னும் அமுங்கிப் போகும். வயதானவருக்குப் பேச்சு விளங்க வேண்டுமென்றால் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இதற்குக் காசே தேவையில்லை. இன்றைக்கே உங்கள் செட்டில் செய்து பாருங்கள். பலருக்கு இதுவே போதும்.

ஸ்பீக்கரைக் குறை சொல்ல முன் இன்னும் இரண்டு சோதனை. நமது பக்கத்தில் மலை மறைப்பால் எஃப்.எம். விட்டு விட்டு வரும். அந்தச் சர்ர் சத்தத்துக்கு ஸ்பீக்கர் காரணம் அல்ல. ஆகவே வானொலியில் சோதிக்காமல், பென் டிரைவில் உள்ள தெளிவான ஒரு பேச்சைப் போட்டுப் பாருங்கள். அடுத்தது, பெலன்ஸை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி ஒவ்வொரு கதவாகக் கேளுங்கள். ஒரு கதவு மட்டும் கரகரத்தால் ஸ்பீக்கர் அல்லது அதன் வயர். எல்லாக் கதவும் ஒரே மாதிரிக் கரகரத்தால் செட்டையே சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் காரில் பெலன்ஸைத் திருப்பியபோது இடது முன்கதவுதான் பிடிபட்டது, அதாவது உம்மா இருக்கும் பக்கம். வலதும் நல்ல நிலையில் இல்லை. மாற்றுவது என்று முடிவாயிற்று. இனிக் கடைக் கதை.

ஒரு கடையில் முதலில் எடுத்து வைத்தது பளபளவென்ற பெட்டி. மேலே பெரிய எழுத்தில் 300 வாட்ஸ். "சேர், இதைப் போட்டா கண்ணாடி அதிரும்" என்றார் அந்தத் தம்பி. கண்ணாடி அதிரத்தான் வேண்டுமென்றால் அது சரியான தெரிவாக இருக்கலாம். நாங்கள் கேட்டது வேறு. இந்த வாட்ஸ் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். சாதாரண தரத்துப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்குத்தான்.

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸ், அது தருகின்ற சத்தத்தின் அளவு அல்ல. அது எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. பத்து மூட்டை தாங்கும் லொறியில் இரண்டு மூட்டை ஏற்றினால் போவது இரண்டு மூட்டைதான். மூட்டையை ஏற்றுவது செட். நம் செட்டின் முகத்தில் "50 வாட்ஸ் x 4" என்று இருக்கும். அதையும் அப்படியே எடுக்க முடியாது. எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். கதவு ஸ்பீக்கரின் தடை வழமையாக 4 ஓம். வோல்ட்டை வர்க்கித்து ஓமால் வகுத்தால் வலு வரும். 14.4 இன் வர்க்கம் 207. அதை 4 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வாட். பெட்டியின் 50 இப்படித்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கு அலையின் உச்சத்தை எந்நேரமும் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. குரலும் இசையும் ஏறி இறங்கும் அலை. தூய அலைக்கு அதில் பாதி, அதாவது 26 வாட்தான் அதிகபட்சம். உள்ளே நடக்கும் இழப்பையும் கழித்தால், சத்தம் உடையாமல் ஒரு கதவுக்குக் கிடைப்பது 18, 20 வாட் அளவில் நிற்கும். தனி அம்ப் போடாத எந்த சாதாரண செட்டுக்கும் இதுதான் நிலை.

ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டிய முதல் எண், "மாக்ஸ்" அல்லது "பீக்" என்று எழுதியது அல்ல, "ஆர்.எம்.எஸ்." என்று எழுதியது. அது முப்பது, நாற்பது, ஐம்பது எதுவாக இருந்தாலும் நம் செட்டுக்குத் தாராளம்.

இரண்டாவது எண்தான் எங்களைப் பொறுத்தவரை முக்கியமானது. பெட்டியின் பின்புறத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் சென்சிட்டிவிட்டி என்பார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதுதான் அது. 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி வலு போதும். அந்த 300 வாட்ஸ் பெட்டியின் பின்னால் இருந்தது 87. விலை குறைந்த இன்னொரு பெட்டியில் மாக்ஸ் வாட்ஸும் குறைவு, ஆனால் இந்த எண் 91. வித்தியாசம் 4 டெசிபல், வலுவில் இரண்டரை மடங்கு. அதாவது 91 உள்ளதற்கு 18 வாட் கொடுத்தால் வரும் சத்தத்தை 87 உள்ளதில் எடுக்க 45 வாட் வேண்டும். நம் செட்டால் 45 தரவே முடியாது. முடியாததைக் கேட்டுச் சத்தத்தைக் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு "உடைந்த" சத்தம் வரும். ட்வீட்டர் எரிவதும் அந்த உடைந்த சத்தத்தால்தான்.

இந்த எண்ணைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. சில பெட்டிகளில் "1 வாட்" என்பதற்குப் பதிலாக "2.83 வோல்ட்" என்று இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் அது இரண்டு வாட். அதனால் எண் 3 கூடுதலாகத் தெரியும். இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே முறையில் அளந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அளவு. ஜப்பான் கார்களின் முன்கதவில் பெரும்பாலும் 16, 17 சென்ரிமீற்றர் வட்டம் போகும். கடையில் ஆறரை இஞ்ச் என்று கேட்க வேண்டும். சின்னக் கார்களிலும் பின்கதவுகளிலும் ஐந்தே கால், நாலு இஞ்சும் உண்டு. நீள்வட்டமாக ஆறு-ஒன்பது உள்ளதும் உண்டு. உங்கள் கார் எது என்று யார் சொன்னாலும் நம்பாமல் கதவுப் பெனலைக் கழற்றி ரூலரால் அளந்துவிட்டுப் போங்கள். ஸ்க்ரூ துளைகளின் இடைவெளியை ஒரு கடதாசியில் வரைந்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சில டொயோட்டாக்களில் பழைய ஸ்பீக்கர் ஸ்க்ரூவால் அல்ல, ரிவெட்டால் அடித்திருக்கும். அதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். துளைக்கும்போது விழும் இரும்புத் தூளைக் கதவுக்குள் விடக் கூடாது. அது துருப்பிடிக்கும், புதிய ஸ்பீக்கரின் காந்தத்திலும் போய் ஒட்டும்.

அகலத்தை விட ஆழம்தான் பலரை மாட்டிவிடும். கதவுக் கண்ணாடி கீழே இறங்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பின்னால்தான் வந்து நிற்கும். காந்தம் பெரிதென்றால் கண்ணாடி அதில் இடிக்கும். ஆகவே ஸ்க்ரூ இறுக்க முன் ஸ்பீக்கரைக் கையால் இடத்தில் பிடித்துக்கொண்டு கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். இடித்தால் நடுவில் ஒரு வளையம் வைத்து முன்னுக்குக் கொண்டுவரலாம். வளையத்தைப் பச்சை எம்.டி.எஃப். பலகையில் வெட்டித் தருவார்கள். வேண்டாம். நம் மழைக்கு அது பாணைப் போல ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள். பலகைதான் கிடைத்தது என்றால் எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசிக் காய விட்டுப் போடுங்கள்.

கூம்பும் ஓரமும் எதனால் ஆனவை என்றும் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பொலிப்ரொப்பிலீன் கூம்பும் றப்பர் ஓரமும் தாங்கும். ஸ்பொஞ் ஓரம் கொஞ்சக் காலத்தில் பொடிப் பொடியாக உதிரும். சத்தத்தில் நல்ல கடதாசிக் கூம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் படக் கூடாது. நம் கதவில் அந்த உத்தரவாதம் இல்லை.

அடுத்த கேள்வி, கோஎக்ஸியலா, கொம்பொனன்டா? கோஎக்ஸியலில் சின்ன ட்வீட்டர் பெரிய கூம்பின் நடுவிலேயே இருக்கும். விலை குறைவு, போடுவது சுலபம். கொம்பொனன்டில் ட்வீட்டர் தனியாக வரும். அதை மேலே, கண்ணாடிப் பக்கம் வைக்கலாம். நடுவில் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் குரொஸோவர் என்ற சின்னப் பெட்டியும் இருக்கும். விலை கூட, வேலையும் கூட.

பெரும்பாலானவர்களுக்கு நல்ல கோஎக்ஸியல் போதும் என்றுதான் சொல்வோம். நாங்கள் கொம்பொனன்ட் எடுத்ததற்குக் காரணம் உம்மா அமரும் இடம். கதவு ஸ்பீக்கர் இருப்பது காலடியில். மேல்பகுதிச் சத்தம் டோர்ச் வெளிச்சம் மாதிரி, நேராகப் போகும். குறுக்கே எதுவும் நின்றால் மறைந்துவிடும். முன் இருக்கையில் காலும் அபாயாவும் மருந்துப் பையும் அந்த வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. அவருக்கு எந்தச் சத்தம் மிக அவசியமோ அதுதான் அவர் முழங்காலைத் தாண்டவில்லை. ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடியின் முக்கோணப் பிளாஸ்டிக்கில் வைத்ததும் அது நேரே காதுக்கு வருகிறது. காசு மட்டு என்றபடியால் பின்கதவுகளைத் தொடவே இல்லை. அம்ப் இல்லை, சப் வூஃபர் இல்லை. இருந்த காசு முழுவதும் முன்கதவு இரண்டுக்கும்தான் போனது. விலையை இங்கே எழுதவில்லை. டொலரோடு அது ஏறி இறங்குகிறது. எங்களுக்கு ஆனது ஒரு பிள்ளையின் டியூஷன் காசுக்கும் டயர் மாற்ற வைத்த காசுக்கும் நடுவில் யோசித்து எடுத்த தொகை என்று மட்டும் சொல்கிறோம்.

ட்வீட்டர் வைக்கும்போது ஒரு கவனம். புதிய கார்களில் முன்கண்ணாடித் தூணில் "எயார்பேக்" என்று பொறித்திருக்கும். அந்தத் தூணில் எதையும் ஒட்டவோ துளைக்கவோ வேண்டாம். பை வெடித்து விரியும்போது அது முகத்துக்குப் பறந்து வரும்.

இனி, நம் பக்கத்துக் கராஜ்களில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் விஷயம். கதவு.

கதவு ஒரு வாளி அல்ல, ஒரு வடி. கண்ணாடியின் றப்பர் ஓரத்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். போய்க் கதவின் அடியில் உள்ள சின்னத் துளைகளால் வெளியேறும். உள்பெனலைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். அவசரத்தில் அதைக் கிழித்து எறிந்துவிட்டுப் பெனலைப் பூட்டிவிடுகிறார்கள். வெயில் காலத்தில் தெரியாது. ஒக்டோபர் தொடங்கித் தை வரை பதுளைப் பக்கம் மழை கொட்டும்போது கார்ப்பெட் நனைந்து நாறத் தொடங்கும், புது ஸ்பீக்கரும் துருப்பிடிக்கும். ஆகவே பாஸிடம் முதலே சொல்லிவையுங்கள்: "அந்தத் தாளைக் கிழிக்காமல் கழற்றித் திரும்ப ஒட்டித் தாங்க." கிழிந்திருந்தால் தடித்த பொலித்தீன் வெட்டிப் போடலாம். அடித்துளைகளில் மண்ணும் இலையும் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

சத்தத்துக்கும் கதவுதான் பாதிக் காரணம். கூம்பு முன்னுக்கு வரும்போது முன்பக்கம் காற்று அமுங்கும், பின்பக்கம் ஐதாகும். இரண்டு பக்கக் காற்றும் ஓட்டையால் சந்தித்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். தாழ்ந்த சத்தம் காணாமல் போகும். "புது ஸ்பீக்கர் போட்டும் பேஸ் இல்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கிறது. ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றி ஸ்பொஞ் பட்டி வைத்து இடைவெளி இல்லாமல் இறுக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகரத்தில் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒரு துண்டு ஒட்டினால் தகரம் அதிராது. கதவு முழுக்க ஒட்டத் தேவையில்லை. கூரை ஒழுக்குக்குப் போடும் தார் ஷீட்டை ஒட்ட வேண்டாம். கீழ்நாட்டு வெயிலுக்குப் போனால் உருகி வழியும், நாற்றமும் அடிக்கும். ஒட்டும்போது அந்த அடித்துளைகளை மூடிவிடாதீர்கள்.

கடைசியாக வயர். இரண்டு ஸ்பீக்கருக்கும் கூட்டலும் கழித்தலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னுக்கு வரும்போது மற்றது பின்னுக்குப் போகும். பேஸ் சூனியமாகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சோதிக்க எட்டாம் வகுப்பு விஞ்ஞானம் போதும். டோர்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் பற்றரி ஒன்றை, வயரை செட்டில் இருந்து கழற்றிவிட்டு, பெரிய கூம்பின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூட்டலுக்குக் கூட்டல் பட்டால் கூம்பு வெளியே தள்ளும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம். பூட்டி முடிந்த பிறகு ஒரு ஆள் பேசும் பேச்சைப் போட்டுக் கேளுங்கள். குரல் டேஷ்போர்டின் நடுவில் நின்றால் சரி. வயரைக் கடித்து முறுக்கி டேப் சுற்றுவதை விட உங்கள் காருக்கான சொக்கெட் வாங்கிப் போடுவது நல்லது. பஞ்சிகாவத்தைப் பக்கம் போகும் நண்பர்கள் இருந்தால் சொக்கெட்டும் பெனல் கிளிப்பும் சொல்லி எடுக்கலாம். கிளிப் நிச்சயம் நாலைந்து உடையும். உடைந்ததோடு பூட்டினால் பெனல் கிர்ரென்று அதிரும்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். பெரிய கம்பனிப் பெயர்களில் போலிகள் நிறைய வருகின்றன. பெட்டி அழகாக இருக்கும். தூக்கிப் பார்த்தால் காந்தம் சோப்புக் கட்டி கனம்கூட இருக்காது. ஆர்.எம்.எஸ்., சென்சிட்டிவிட்டி என்ற இரண்டு எண்ணும் எங்கும் அச்சிடாத பெட்டியை வாங்காமல் விடுவதே நல்லது. கடையில் கேட்டுப் பார்க்கும்போது அவர்கள் போடும் பாட்டில் கேட்காதீர்கள். உங்கள் பென் டிரைவில் நீங்கள் நன்றாக அறிந்த ஒரு கிராஅத், ஒரு செய்தி, ஒரு பழைய பாட்டு கொண்டு போங்கள். சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேளுங்கள். குறைந்த சத்தத்தில் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறதா? அதுதான் பரீட்சை. கூட்டிவைத்தால் எல்லா ஸ்பீக்கரும் ஒரு நிமிடம் நல்லாத்தான் கேட்கும்.

குறைந்த சத்தம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் பாதையும் ஒரு காரணம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த விபத்துக்கும் பாட்டுச் செட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு வாகனத்துக்கு மட்டுமே இடமுள்ள வளைவுகளில் நமக்குக் கண்ணுக்கு முன் உதவுவது காதுதான். எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்க வேண்டும், மேலே இருந்து கல் உருளும் சத்தம் கேட்க வேண்டும். வளைவுக்கு முன் கண்ணாடியை நாலு விரல் இறக்கும் பழைய டிரைவர்மாரைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் சும்மா இறக்கவில்லை.

முச்சக்கர வண்டித் தம்பிமாருக்கும் அன்பாக ஒரு கணக்கு. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 3 கூடி 88 ஆனால் நாலு மணி நேரம். 91 ஆனால் இரண்டு. 100 ஆனால் கால் மணி நேரம்தான். பின் சீட்டுக்கு அடியில் பெட்டி வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும் உங்கள் காதுதான் முதலில் போகும். உம்மாவுக்கு எழுபதில் வந்தது உங்களுக்கு நாற்பதில் வந்துவிடக் கூடாது. 2025 ஜனவரியில் க்ளீன் ஸ்ரீலங்கா என்று பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைச் சோதித்தபோது பலருக்குக் கோபம் வந்தது. கோபம் நியாயமா இல்லையா என்பது வேறு கதை. ஆனால் லயத்து வாசலால் இரவு போகும்போது, உள்ளே விடியக் காலையில் கொழுந்துக்குப் போக வேண்டிய ஒரு தாய் தூங்குகிறாள் என்பதையும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஓ.எல். படிக்கிறது என்பதையும் நினைக்க பொலிஸ் தேவையில்லை.

இது மற்றவருக்குச் சொல்லும் பாடம் மட்டும் அல்ல, நமக்கும்தான். வெலிகமப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. கேட்க விரும்பாதவரின் காதுக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். லுக்மான் அலைஹிஸ்ஸலாம் தன் மகனுக்குச் செய்த உபதேசத்தில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே படிக்கிறார்கள். காருக்குள் போடும் சத்தம் காருக்குள் நின்றால் போதும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறோம். மலை ஏறும்போது, மழையும் சேர்ந்தால், உம்மாவுக்கு இன்னும் பாதி தவறுகிறது. காதுக்கு ஸ்பீக்கர் மருந்தல்ல. செவிப் பரிசோதனைக்கும் பதிவு வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஆனால் சமதரையில், முன்பு வைத்ததில் பாதிச் சத்தத்தில், பேச்சைப் பின்தொடர்கிறார். போன கிளினிக் நாளில் ஹாஜியார் ஒருவரின் பயான் ஓடிக்கொண்டிருந்தது. பசறை தாண்டும்போது உம்மா திடீரென்று, "இல்ல மகன், இவர் அந்தச் சம்பவத்த மாத்திச் சொல்றார்" என்றார். பிறகு சரியானதை அவரே சொல்லி முடித்தார். பின் சீட்டில் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் செட்டை நிறுத்திவிட்டோம்.

வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. முதலில் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டிப் பார்ப்பது. அதுவே போதுமென்றால் கடைக்குப் போகத் தேவையில்லை.
2. அகலம், ஆழம், ஸ்க்ரூத் துளை மூன்றையும் அளந்து கொண்டு போவது.
3. மாக்ஸ் வாட்ஸை மறப்பது. ஆர்.எம்.எஸ்., சென்சிட்டிவிட்டி, 4 ஓம் மூன்றையும் பார்ப்பது. தனி அம்ப் இல்லாவிட்டால் 90 டெசிபலும் அதற்கு மேலும் நல்லது.
4. பிளாஸ்டிக் கூம்பு, றப்பர் ஓரம்.
5. கண்ணாடியை இறக்கிப் பார்த்த பிறகே ஸ்க்ரூ இறுக்குவது.
6. பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டுவது, அடித்துளையை மூடாமல் விடுவது.
7. கூட்டல், கழித்தல் சரிபார்ப்பது.

உங்கள் கார் என்ன, முன்கதவில் என்ன அளவு போனது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அடுத்தவருக்குப் பெனலைக் கழற்றும் வேலை மிச்சம். வயதான பெற்றோரை ஏற்றிப் போகிறவர்கள், வாங்கும் நாளில் அவர்களையும் கடைக்குக் கூட்டிப் போய் அவர்கள் காதால் கேட்க விடுங்கள். நமக்கு நல்லாக் கேட்பது அவர்களுக்கு விளங்கும் என்று இல்லை.

எல்லோருக்கும் பாதுகாப்பான பயணத்தை அல்லாஹ் தருவானாக. வஸ்ஸலாம்.